சம்பந்தியம்மா கை உப்பு

திருப்பதி ஒருமுறை, மெட்ராஸ் மூன்றுமுறை, மற்றபடி பாண்டி, திண்டிவனம். எழுபத்தொரு வயது வரைக்கும் மரக்காணத்தை விட்டு நான் போன தூரம் இவ்வளவுதான். பள்ளிக்கூடமும் கிடையாது. பஸ் போர்டுகளைப் பார்த்து எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டவன். இன்றைக்கும் ‘தி’ என்று எங்கே பார்த்தாலும் வாய் முதலில் திண்டிவனம் என்றுதான் போகும். அப்படிப்பட்டவன் போன கார்த்திகையில் செர்பியா தேசத்துக்குப் போய் வந்தேன். போனது பெண் கேட்க. பெண்ணின் அம்மா அந்த நாட்டில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த பாட்டுக்காரி. பெயர் மிலுங்கா.

என் மகன் சரவணன் வெல்டர். முதலில் துபாய்க்குப் போனான், பிறகு செர்பியாவில் பாலம் கட்டுகிற கம்பெனியில் சேர்ந்தான். அந்த ஆபீசில் வெளிநாட்டு ஆட்களின் பேப்பர்களைப் பார்க்கிற பெண் யெலேனா. பேப்பரைப் பார்த்தாளோ இவனைப் பார்த்தாளோ, இரண்டு வருஷத்தில் கல்யாணப் பேச்சு வந்துவிட்டது. மிலுங்கா அம்மா ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம்: “பையனைப் பார்த்தாச்சு. அவனப் பெத்தவங்க யாராவது வந்து என் வாசல்ல நிக்கட்டும். பார்த்துட்டு முடிவு சொல்றேன்.”

சரவணன் போனில் அழாத குறை. “அப்பா, நீ வந்தாதான் நடக்கும்” என்றான். என் முகத்தை நம்பி ஒரு கல்யாணமா. எனக்குப் பெண் பார்க்கப் போனபோது என் அப்பா என்னை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் போனார். பையன் உப்பளத்தில் வேலையாக இருக்கிறான் என்று சொல்லிப் பெண்ணை முடித்துவிட்டார். கல்யாணத்தன்றுதான் அஞ்சலை என்னைப் பார்த்தாள். அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் பாக்கியிருக்கிறது.

அஞ்சலைக்கு முட்டிவலி. அதோடு, கடலுக்கு மேலே பறக்கிற எதிலும் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். புடவை, மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு எல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டு மூன்று கட்டளை போட்டாள்.

“செருப்போட வீட்டுக்குள்ள போவாத. யாரு குடுத்தாலும் குடிக்காத. முக்கியமா, சம்பந்தி வீட்டுல உப்ப கையில வாங்கிடாத. கீழ வெக்கச் சொல்லி எடுத்துக்க. கையில வாங்கினா ரெண்டு வீட்டுக்கும் சண்ட வரும்.”

ஐம்பது வருஷம் உப்பு வாரியவனுக்கு இது தெரியாதா. கூடை கூடையாகத் தலையில் சுமந்திருக்கிறேன், அதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சிட்டிகை உப்பைக் கைக்குக் கை மாற்றியது கிடையாது. பாத்தியில் இறங்கும்போதும் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் இறங்குவேன். மழை பிடித்துவிட்டால் உப்பளமெல்லாம் ஏரியாகிவிடும், எங்களுக்கு வேலை இருக்காது. அந்த ஓய்வில்தான் கிளம்பினேன்.

முதல் நாள். பெல்கிரேடு என்ற ஊரில் இறங்கி சரவணனோடு நடந்தேன். குளிர் காதைப் பிடித்துத் திருகியது. முந்தின ராத்திரி பனி கொட்டியிருந்தது. பனியை டிவியில் பார்த்திருக்கிறேன், அதனால் பயப்படவில்லை. ஆனால் நடைபாதையில் காலுக்குக் கீழே நறநறவென்று ஏதோ நொறுங்கியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். குனிந்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. பனி உருகுவதற்காக லாரியில் கொண்டுவந்து ரோடு பூராவும் கொட்டுகிறார்களாம்.

என்னால் ஒரு அடி எடுத்துவைக்க முடியவில்லை. எத்தனை பேர் கால் வெடித்து வாரிய உப்போ, அதை பூட்ஸ் போட்டு மிதிப்பதா. பூட்ஸைக் கழற்றலாம் என்று பார்த்தேன். சரவணன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “அப்பா, இங்க வெறுங்காலோட நடந்தா ஆம்புலன்ஸ் வந்துடும். பேசாம வா.” ரோட்டோரப் புல்லில் தாண்டித் தாண்டி, கொக்கு மாதிரி நடந்துபோனேன். எதிரில் வந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

சரவணன் தங்கியிருந்த வீட்டுக்காரர் ஒரு சின்னக் கிளாசில் தண்ணீர் மாதிரி ஒன்றைக் கொடுத்தார். குளிருக்கு மருந்து என்றார்களே என்று குடித்துவிட்டேன். தொண்டையிலிருந்து தொப்புள் வரை ஒரு வெளிச்சம் போனது. பிளம்ஸ் பழத்தில் காய்ச்சுகிற சாராயமாம். அஞ்சலையின் இரண்டாவது கட்டளை முதல் நாளே போயிற்று.

சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது. சிவப்பு மிளகாயைச் சுட்டு அரைத்த சட்னி மாதிரி ஒன்று வைத்தார்கள். நிறத்தைப் பார்த்துப் பயந்து நுனிவிரலால் தொட்டேன், காரமே இல்லை. மிளகாய் வேஷம் போட்ட பூசணி. ஊறவைத்த முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டிய கொழுக்கட்டை நன்றாக இருந்தது, ஏழு தின்றேன். காபியைத்தான் அடிவரைக்கும் குடித்து வாயெல்லாம் மண்டி. மண்டியை விட்டுவிட வேண்டும் என்று யாரும் முன்னால் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் சரவணன் வேலைக்குப் போய்விட்டான். எனக்குச் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. வாசலில் டிராம் போகிறது. பஸ் என்றால் எனக்கு ஒரு கணக்கு உண்டு. ஏறினால் கடைசி ஸ்டாப் வரும், அங்கே இறங்கி டீ குடித்துவிட்டு எதிர்ப்பக்கம் ஏறினால் புறப்பட்ட இடம். மரக்காணம் பஸ் எல்லாம் அப்படித்தான் போகிறது, உலகத்தில் வேறு மாதிரி எப்படிப் போகும். ஏறிவிட்டேன்.

குதிரைமேல் உட்கார்ந்த ராஜா சிலை ஒன்று வந்தது. அரைமணி கழித்து அதே மாதிரி இன்னொரு ராஜா. நல்ல ஊர், ராஜாக்களுக்கெல்லாம் ஒரே அச்சில் சிலை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மூன்றாவது ராஜாவின் தலையிலும் அதே ஒற்றைப் புறா உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு வியர்த்தது. அந்த டிராம் வட்டமாகச் சுற்றுகிற டிராம். அதற்குக் கடைசி ஸ்டாப்பே கிடையாது.

பக்கத்தில் இருந்த கிழவி, என் வயதுதான் இருக்கும், என்னவோ கேட்டாள். போனை எடுத்து சரவணன் நம்பரைத் தேடினேன். நான் தேடினால் நம்பரா வரும், போட்டோ வந்தது. சம்பந்தியம்மாவை அடையாளம் தெரியட்டும் என்று சரவணன் போட்டுவைத்த மிலுங்காவின் பழைய படம். பம்மென்று தலைமுடி, பளபளவென்று தோள் தூக்கின சட்டை, கையில் மைக்.

கிழவி “மிலுங்கா!” என்று போனைப் பிடுங்கிக்கொண்டாள். முன்சீட்டுக்குக் காட்டினாள். முன்சீட்டுக்காரர் ஏதோ ஒரு வரியை முனகினார், பின்சீட்டில் அடுத்த வரி வந்தது. இரண்டு ஸ்டாப் தாண்டுவதற்குள் பாதி டிராம் பாடியது. காதில் ஒயர் மாட்டியிருந்த ஒரு பெண் மட்டும் யாரது என்று கேட்பது போல் பார்த்தாள்.

கிழவியே என் போனில் யாரையோ பிடித்துப் பேச, அடுத்த சுற்றில் ராஜா சிலையருகே யெலேனா ஏறினாள். “மாமா, சாப்டீங்களா?” என்றாள். சரவணன் கற்றுக்கொடுத்த ஒரே தமிழ் அதுதான். தொலைந்துபோனவனைக் கண்டுபிடித்தாலும் அதைத்தான் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கிழவி யெலேனாவிடம் வாய் ஓயாமல் பேசினாள். சாயங்காலம் யெலேனா சொல்லச் சொல்ல சரவணன் எனக்குச் சொன்னான். மிலுங்காவின் பெரிய பாட்டு, ரயில்வே ஸ்டேஷனில் ஒற்றைச் செருப்போடு காத்திருக்கிற ஒரு பெண்ணின் பாட்டாம். அதைக் கேட்டுத்தான் அந்தக் கிழவி தன் முதல் புருஷனை விட்டாளாம். “ரெண்டாவது புருஷன்?” என்று கேட்டேன். “அவரும் சரியில்லையாம். ஆனா அதுக்குப் பாட்டு மேல தப்பு இல்லன்னு சொல்லுச்சாம்பா” என்றான்.

அப்படியே யெலேனா தன் அம்மா கதையைச் சொன்னாள். ஆற்றில் சரக்குப் படகு ஓட்டுகிறவருடைய மகள். பதினைந்து வயதில் கல்யாண வீடுகளில் மேஜைமேல் ஏறி நின்று பாடினவள். பதினேழில் முதல் கேசட். பிறகு பஸ்ஸிலேயே நாடு பூராவும், மலையிலிருந்து கடல் வரை. ஒரு ஊரில் மேடைக்குப் போக வழியில்லாமல் ஜனங்கள் அவளைத் தலைக்குமேல் கைமாற்றிக் கொண்டுபோய் விட்டார்களாம்.

அப்புறம் நாடு உடைந்தது. சண்டை. நேற்றுவரை பாடின ஊர்கள் வேறு தேசமாகிவிட்டன, அங்கத்து ரேடியோவில் அவள் பாட்டு நின்றுபோனது. மேளக்காரப் புருஷன் சண்டைக்குப் போனவன் திரும்பவில்லை. கைக்குழந்தையோடு கோதுமை மாவுக்கும் எண்ணெய்க்கும் கல்யாண வீடுகளில் பாடினாள், ஆரம்பித்த இடத்துக்கே வந்து. பிறகு கடைத் திறப்பு விழாக்கள். இப்போது வருஷத்துக்கு ஒருமுறை டிவியில் பழைய பாட்டு நிகழ்ச்சிக்குக் கூப்பிடுகிறார்கள். போன மாதம் யாரோ சின்னப் பையன்கள் அவள் பாட்டுக்கு டமடமவென்று அடி வைத்து மாற்றிவிட்டிருக்கிறார்களாம். காய்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது தலைக்குமேலே தன் குரலே கேட்கிறது, பில் போடுகிற பெண்ணுக்கு இவளை யாரென்று தெரியவில்லை.

கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கும் ஒரு பாட்டு வாழ்க்கை உண்டு. அது பெருமுக்கல் மலைக்கோயில் திருவிழாவில் தொடங்கி அங்கேயே முடிந்தது. பாதிப் பாட்டில் மைக்செட்காரன் ஒயரைப் பிடுங்கிவிட்டான். அதைச் சொல்லலாமா என்று பார்த்தேன். நேரம் சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் பெண் கேட்கப் போனோம். ஆற்றங்கரையில் திராட்சைக்கொடி ஏறிய சின்ன ஓட்டு வீடு. வாசலில் பூட்ஸைக் கழற்றினேன், அங்கேயும் அதுதான் வழக்கமாம். முதல் கட்டளை பாஸ். வாடிப்போன வெற்றிலைத் தட்டை, வாசலில் காத்திருந்த யெலேனாவிடம் கொடுத்துவிட்டு, கும்பிட்டபடி நின்றேன்.

கதவு திறந்தது. மிலுங்கா அம்மாவுக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். செம்புநிறச் சாயம் போட்ட முடி, ஜிகினா வைத்த சட்டை, தன் வீட்டு வாசலிலேயே குதிகால் செருப்பு. மேடைக்கு வந்த மாதிரிதான் நின்றார். கையில் பூத்தையல் போட்ட துணி, துணிமேல் பெரிய ரொட்டி, ரொட்டி நடுவில் ஒரு சின்னக் கிண்ணம். சிரித்துக்கொண்டே என் பக்கம் நீட்டினார்.

கிண்ணத்தில் உப்பு.

அஞ்சலை ஆயிரம் சொல்லியிருக்கிறாள், நான் எதையும் அப்படியே கேட்டது கிடையாது. அன்றைக்குக் கேட்டேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, மரியாதையாகத் தலையை ஆட்டி, விரலால் வாசற்படியைக் காட்டினேன். கீழே வையுங்கள் என்று. நம் ஊரில் அதற்கு அர்த்தம், உங்கள் உறவு எனக்கு வேண்டும், சண்டை வேண்டாம் என்பது.

சிரிப்பு போய்விட்டது. என் விரலையும் வாசற்படியையும் மாறிமாறிப் பார்த்தார். மெதுவாக ஏதோ சொன்னார். ரொட்டியைச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய், இன்னொரு கதவைச் சாத்திக்கொண்டார். யெலேனா அழ ஆரம்பித்தாள்.

“ஏம்பா இப்படிப் பண்ண?” என்றான் சரவணன். “விருந்தாளிக்கு ரொட்டியும் உப்பும் குடுத்தாதான் இங்க வீட்டுக்குள்ள சேத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். நீ வேணாம்ட்ட.”

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, கீழே வைக்கத்தான் சொன்னேன் என்றேன். அவன் தலையில் கைவைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டான். அவர் என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று கேட்டேன்.

“‘இவரும் என் கையால சாப்பிட மாட்டாரா’ன்னு கேட்டாங்க.”

“இவரும்னா?”

யெலேனா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், இவன் எனக்குச் சொன்னான். முதல் கேசட் வந்த கையோடு மிலுங்கா ஊருக்குப் போயிருக்கிறாள். தானே ரொட்டி சுட்டு, உப்பு வைத்து, அப்பாவிடம் நீட்டியிருக்கிறாள். படகுக்காரர் வாசலைத் தாண்டி விடவில்லையாம். பாட்டுக்காரி கையால் வாங்கமாட்டேன், கீழே வைத்துவிட்டுப் போ என்று வாசற்படியை விரலால் காட்டினாராம். சாகிறவரை அவள் கையால் ஒருவாய் வாங்கவில்லையாம்.

எனக்குக் குளிரெல்லாம் விட்டுப்போயிற்று.

எனக்கு எட்டு வயதிருக்கும். அப்பாவோடு உள்நாட்டில் ஒரு ஊருக்குக் கடலை பிடுங்கப் போனேன். ஊர் பெயர் வேண்டாம், அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு என்னோடு நன்றாகப் பழகுகிறார்கள். தாகம் என்று வாசலில் நின்றால், அந்த வீட்டம்மா எட்ட நின்று மேலேயிருந்து தண்ணீர் ஊற்றுவாள். நான் குனிந்து, இரண்டு கையையும் குழித்து ஏந்திக் குடிக்க வேண்டும். சொம்பு என் விரலில் பட்டுவிடக் கூடாது. மூக்கிலெல்லாம் தண்ணீர் ஏறும். அறுபத்துமூன்று வருஷமாக அந்தச் சொம்பை நான் மறக்கவில்லை. மறக்காமல் வைத்திருந்து என்ன பிரயோஜனம். அதையே தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்து ஒரு பொம்பளையின் தலையில் ஊற்றிவிட்டேன்.

உள்ளே நுழைந்தேன். செருப்பு ஸ்டாண்டிலிருந்து ரொட்டியைக் கிண்ணத்தோடு எடுத்துப் போய், அந்த உள்கதவுக்குப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டினேன். அவர் திறந்தார். கண்மை கலைந்திருந்தது. என்ன சொல்வது, எனக்குத்தான் பாஷை தெரியாதே. குனிந்து இரண்டு கையையும் குழித்து அவர் முன்னால் ஏந்தினேன். எட்டு வயதில் ஏந்தின அதே மாதிரி. வித்தியாசம், இந்தமுறை யாரும் குனியச் சொல்லவில்லை.

அவர் என் கையைப் பார்த்தார். சரவணனிடம் ஏதோ கேட்டார். அவன் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னான். அம்மா சொல்லி அனுப்பியதையும் சொன்னான்.

“கையில வாங்கினா என்ன ஆவும்னு கேக்குறாங்கப்பா.”

“ரெண்டு வீட்டுக்கும் சண்ட வரும்னு சொல்லுடா.”

சொன்னான். அந்தம்மா பேசினது சரவணன் வாயால் இப்படி வந்தது: “நான் சண்டை போடாத ஆளுன்னு யாரும் மிச்சமில்ல. நீங்களும் சேந்துக்குங்க.”

சொல்லிவிட்டுக் கிண்ணத்தை எடுத்து அப்படியே என் கையில் கவிழ்த்துவிட்டார். அங்கே ரொட்டியைப் பிய்த்து லேசாகத் தொட்டுக்கொள்வதுதான் முறையாம். எனக்கென்ன தெரியும். கையில் விழுந்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று மொத்தத்தையும் வாயில் போட்டுக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. என் நல்ல மனசை நினைத்து அந்தம்மாவும் அழுதார், யெலேனாவும் அழுதாள். அது மனசு இல்லை, உப்பு. இன்றுவரை அவர்களிடம் சொல்லவில்லை.

ரொட்டியைத் தின்று தண்ணீர் குடித்து ஒரு நிலைக்கு வந்ததும், எப்படியிருந்தது என்று கேட்டார். ஐம்பது வருஷத் தொழிலாளியிடம் உப்பைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்ல வாய் வருமா. நாக்கில் நிற்கவில்லை, சுரங்கத்தில் வெட்டினது போலிருக்கிறது. “உப்பு சுமார்” என்றேன். சரவணன் மொழிபெயர்க்கமாட்டேன் என்றான். என் முகத்தைப் பார்த்தே அந்தம்மா புரிந்துகொண்டார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஆரம்பித்தார் பாருங்கள். அஞ்சலை வாக்கு பலிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு, யாரும் கேட்காமலே, உட்கார்ந்தபடி அந்த ஒற்றைச் செருப்புப் பாட்டைப் பாடினார். சுவரில் இருக்கிற படத்துப் பெண்ணின் குரல் அதில்லை. அடியில் கொஞ்சம் மணல் கிடந்தது. ஆனால் மூன்று பேரும் மூச்சுவிடாமல் இருந்தோம். முடிந்ததும் நீங்கள் பாடுங்கள் என்று எனக்குச் சைகை காட்டினார். ஒயரைப் பிடுங்க ஆளில்லை என்ற தைரியத்தில் பெருமுக்கலில் விட்ட இடத்திலிருந்து எடுத்தேன். இரண்டாவது வரியில் மேஜையைத் தட்டி நிறுத்தினார். சுருதி சரியில்லையாம். இரண்டாவது சண்டை. அது முடிந்தபோது அவரே எழுந்து, யெலேனாவின் கையைப் பிடித்து சரவணன் கையில் வைத்தார்.

ஊருக்கு வந்து அஞ்சலையிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உப்பை மட்டும் விட்டுவிட்டு. சாராயம் குடித்தது தெரிந்து அவள் ஒருவாரம் பேசவில்லை. உப்புக்கும் சேர்த்து வாங்கிக்கட்டிக்கொள்ள எனக்கு வயதில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் மிலுங்கா அம்மா வந்துவிடுவார். கல்யாணத்தில் அவர் பாட வேண்டுமா, மேளம் வாசிக்க வேண்டுமா என்று ஒரு மாதம் சண்டை. அவர் அவர் பாஷையில், நான் என் பாஷையில். நடுவில் மொழிபெயர்க்க ஆளில்லாவிட்டாலும் சண்டை நின்றதில்லை. “இன்னாய்யா இது, மாமியாளும் மருமவளும் மாதிரி” என்று அஞ்சலை அதிசயப்படுவாள்.

தை பிறந்து மரக்காணத்தில் கல்யாணம் நடந்தது. மேளமும் வாசித்தார்கள், அவரும் பாடினார். எங்கள் மைக்செட்காரன் ஒயரைத் தொடவில்லை, வாயைத்தான் மூடவில்லை. மறுநாள் உப்பளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். சம்மணம் போட முடியாமல் ஒரு மணைமேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். இலையில் கூனிமேட்டுக் கரையில் வாங்கிய மீனில் குழம்பு. இலை ஓரத்தில் வைத்திருந்த உப்பை அவர் தொடவே இல்லை. ஒருவாய் சாப்பிட்டு, ருசி பார்த்து, அஞ்சலையைப் பார்த்து உள்ளங்கையை நீட்டினார்.

“உப்பு” என்றார். அதை யெலேனாவிடம் கேட்டுப் பாடம் செய்து வந்திருக்கிறார்.

அஞ்சலை அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

“ஓகோ” என்றாள். “அங்க கையில வாங்கிட்டுதான் வந்தியா. அதான் வாரா வாரம் ரெண்டு பேரும் அந்தக் கத்து கத்துறீங்க.”

அஞ்சலை ஜாடியில் கைவிட்டு ஒரு சிட்டிகை எடுத்தாள். கொஞ்ச நேரம் விரலிலேயே வைத்திருந்தாள். பிறகு சம்பந்தியம்மாவின் உள்ளங்கையில் வைத்து, அந்த விரல்களை மடக்கியும் விட்டாள்.

மிலுங்கா அம்மா அதை நாக்கில் போட்டு, கண்ணை மூடி, நிதானமாகச் சப்பினார். எங்கள் பாத்தி உப்பு. என்ன சொல்லப்போகிறாரோ என்று எல்லோரும் பார்த்தோம். கண்ணைத் திறந்து நேராக என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

சரவணன் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. “சுமார்னு சொல்றாங்க.”

அஞ்சலை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“எது சுமாரு?” என்றாள்.